சுறாவுக்கு வயது பார்க்கிறவர்

அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "ஏற்கனவே உங்க வாய் துறைமுகம் பூரா பிரசித்தம். இனி கையும் சேர்ந்துக்கணுமா?" என்பதுதான். அவள் சொன்னதில் பொய்யில்லை. நான் ஐஸ் கம்பெனி நடத்துகிறவன். படகுக்காரர்கள் ஐஸ் ஏற்ற என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். கட்டி உடைந்து, அரைபட்டு, குழாய் வழியாகப் படகில் இறங்கும் வரை நிற்கவும் வேண்டும். எதிரே ஒரு மனிதன் சும்மா நிற்கும்போது என்னால் பேசாமல் இருக்க முடியாது. இருந்தாலும் அண்ணியைப் பற்றி யாராவது ஒருவர் எழுதத்தான் வேண்டும். அவர் பார்க்கிற வேலை என்ன என்பது இந்தத் துறைமுகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேருக்குத் தப்பாகத் தெரியும்.

அண்ணி சுறாவுக்கு வயது பார்க்கிறார். ஏல மண்டபத்துக்குப் பின்னால் உள்ள மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு உத்தியோகம். துறைமுகத்தார் வைத்திருக்கும் பெயர் 'சுறா ஜோசியர்'. கேலிக்கு வைத்த பெயர், நாளாவட்டத்தில் நிலைத்துவிட்டது. ஒருமுறை வலை பின்னுகிற ஒருவர், "அம்மா, என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆகும்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று வம்புக்கிழுத்தார்.

அண்ணி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "உங்க முதுகெலும்புல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க, சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஜோசியம் கேட்கவில்லை.

அவருடைய அறைக்கு நான் அடிக்கடி போவேன். அங்கிருக்கும் உறைபெட்டி என் வாடிக்கையாளர். மாதம் ஒருமுறையாவது அதற்கு மூச்சு முட்டும், நான் போய்ச் சரி செய்வேன். அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் மண்டபத்தைக் கழுவி விடுகிற சாக்கடை. மேசையில் ஒரு சின்ன ரம்பம், அதன் பல்லில்லாத வட்டத் தகடு தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும். பக்கத்தில் மைக்ரோஸ்கோப். சுவரோரம் ஊறுகாய் ஜாடி மாதிரி வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் சுறாவின் முதுகுத்தண்டுத் துண்டுகள். அந்த அறையில் தேநீர் குடிக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

சுறாவுக்கு எலும்பே கிடையாது என்பது அங்கே நான் கற்ற முதல் பாடம். நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் அதன் உடம்பு முழுக்க. மற்ற மீன்களுக்குக் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது, அதை அறுத்து வயது சொல்லிவிடலாம். சுறாவுக்கு அந்த வசதியும் இல்லை. மிச்சம் இருப்பது முதுகுத்தண்டு ஒன்றுதான், அதில் மட்டும் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும். ஒவ்வொரு துண்டும் இரண்டு கிண்ணங்களை முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இருக்கும். அதை நட்டநடுவே மெல்லிசாக அறுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெளுப்பும் கறுப்புமாக வளையங்கள் தெரியும். மீன் வளர வளர வளையமும் கூடும். அந்த வளையங்களை எண்ணுவதுதான் அண்ணியின் வேலை.

எண்ணுவதில் என்ன பிரமாதம் என்று நானும் நினைத்தேன். ஒருநாள் எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் பதினொன்று என்றேன். மறுபடி பார்த்தேன், ஒன்பது. மூன்றாவது முறை பதிமூன்று. "தம்பி, உங்க கடையில ஐஸ் கட்டியையும் இப்படித்தான் எண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

இதனால்தான் அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். இருவரும் எண்ணி முடிக்கிற வரை அந்தத் துண்டைப் பற்றி ஒருவரோடு ஒருவர் மூச்சு விடக்கூடாது. மீன் எவ்வளவு பெரியது, எங்கே எப்போது பிடித்தது என்பதும் எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாக வளைந்து கொடுக்கும் என்பார் அண்ணி. பெரிய மீன் என்று தெரிந்தால் இல்லாத வளையமும் தெரியுமாம். இன்னொரு எண்ணுகிறவர், தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவோம். அவரும் அண்ணியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஊர் வம்பெல்லாம் பேசுவார்கள், எலும்பைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

அண்ணி உயிரை விடுவது ஒரு சுறாவுக்காகத்தான். நிலையத்தில் அதை மாக்கோ என்பார்கள். நம் படகுக்காரர்களுக்கு அது ஊசிமூக்கி. கரையோரம் எட்டிப் பார்க்காத ஜாதி. நடுக்கடலிலேயே பிறந்து, நடுக்கடலிலேயே திரிந்து, அங்கேயே சாகும். முதுகு ஆழ்ந்த நீலம், வயிறு வெள்ளை, வாயை மூடினாலும் பல் வெளியே தெரியும். கடலில் அதைவிட வேகமான சுறா இல்லை. தப்பி ஓடுகிற சூரை மீனை எட்டிப் பிடிக்க வேண்டுமே! அதன் உடம்பு, சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும் என்று அண்ணி சொன்னபோது நான் நம்பவில்லை. அண்ணனைக் கேட்டேன். "ஆமாடா. குளிர்காலத்துல வயித்தைக் கிழிச்சுக் கையை விட்டா கதகதன்னு இருக்கும். விரல் விறைச்சா நாங்க அப்படித்தான் சூடு பண்ணிக்குவோம்" என்றான். இருபது வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டவன், இதை அதுவரை ஒருமுறை கூடச் சொன்னதில்லை.

அண்ணன் தூரக்கடல் படகில் தலைவன். மைல் கணக்கில் நீளும் கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள். சூரைக்காகப் போடுவதுதான், ஆனால் ஊசிமூக்கியும் வந்து மாட்டும். அவனுக்கும் அண்ணிக்கும் கல்யாணம் ஆனதே இந்தச் சுறாவால்தான். அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் படகு படகாகப் போய் முதுகுத்தண்டு கேட்பாராம். ஆபீஸ்காரி வந்தால் வில்லங்கம் வரும் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் அண்ணன் மட்டும் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்தான். அடுத்த நடைக்கு இரண்டு. அதற்கடுத்த நடைக்கு ஒரு பை நிறைய. ஊரில் ஆண்பிள்ளைகள் பூ கொடுப்பார்கள், புடவை கொடுப்பார்கள். இவன் அழுகின முதுகெலும்பைக் கொடுத்துக் காரியம் சாதித்தான். அம்மா மட்டும் கொஞ்ச நாள், "இந்த நாத்தத்துக்கு நடுவுல எப்படித்தான் காதல் வந்ததோ" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வளையத்தை எண்ணினால் மட்டும் வயது வந்துவிடாது. வருஷத்துக்கு எத்தனை வளையம் என்று தெரிய வேண்டும். எங்கள் நிலையத்தில் ஆரம்பத்திலிருந்தே வருஷத்துக்கு இரண்டு என்றுதான் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் பெண் ஊசிமூக்கி ஒன்பது, பத்து வயதில் தாயாகிவிடும். வேறு கடல்களில் சிலர், இரண்டில்லை, ஒன்றுதான் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று என்றால் எல்லாமே இரட்டிப்பாகிவிடும். பதினெட்டு, இருபது வயதாகாமல் அது தாயாகாது. அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் சுமக்கும். வயிற்றுக்குள் இருக்கிற குட்டிகளுக்குத் தீனியாகத் தாய் முட்டை முட்டையாக இறக்கிக்கொண்டே இருக்கும். குட்டிகள் அதைத் தின்றே ஒரு கை நீளத்துக்கு வளர்ந்து பிறக்கும். பெற்ற பின் தாய்க்கு ஒரு வருஷமாவது ஓய்வு. இவ்வளவு நிதானமான பிராணியை நாம் விறுவிறுவென்று பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

இரண்டா, ஒன்றா என்று தீர்க்க ஒரு வழி இருந்தது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கிற ஒரு ஆன்ட்டிபயாட்டிக் மருந்து இருக்கிறது. அதைச் சுறாவுக்கு ஊசி போட்டால், அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊதா விளக்கில் பார்த்தால் மஞ்சளாக மின்னும். ஊசி போட்டு, முதுகில் ஒரு பிளாஸ்டிக் அடையாளச் சீட்டைக் குத்திக் கடலில் விட்டுவிட வேண்டும். பல வருஷம் கழித்து எவராவது அதே மீனைப் பிடித்தால், மஞ்சள் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் என்று எண்ண வேண்டியதுதான். யாருக்கு இந்த யோசனை தோன்றியதோ, அவர் நல்லா இருக்க வேண்டும்.

இதற்காக அண்ணி இரண்டு தடவை அண்ணனோடு கடலுக்குப் போனார். முதல் பயணம் ஏழு வருஷத்துக்கு முன். போன நாள் முதல் வந்த நாள் வரை வாந்தி. அந்த நிலையிலும் படகின் வலது ஓரத்தில் குப்புறப் படுத்து, தூண்டிலில் வந்த சின்ன ஊசிமூக்கிகளுக்கு ஊசி போட்டிருக்கிறார். அண்ணன் வாலில் கயிறு போட்டுப் பிடித்துக்கொள்வான். அதில் ஒன்று துள்ளி வாலால் வீசியதில் அவன் முன்பல் ஒன்று கடலோடு போனது. படகில் இருந்தவர்கள், நல்ல மீனைப் பிடித்து மருந்து கொடுத்துத் திருப்பி விடுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பயணம் அதற்கு மூன்றரை வருஷம் கழித்து. அதற்குள் அண்ணன் வேறு படகுக்கு மாறியிருந்தான். பழைய படகில் தூண்டில் கயிறு வலப்பக்கமாக ஏறும், புதியதில் இடப்பக்கம். இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பிடிபட்ட மீன் படகோடு சேர்ந்து முன்னே பார்த்தபடி வரும். படகின் வலது ஓரத்தில் வந்தால், குனிகிறவர் கைக்கு எட்டுவது மீனின் இடது பக்கம். ஆகவே முதல் பயணத்து மீன்களுக்குச் சீட்டு முதுகுத் துடுப்பின் இடது பக்கத்தில், இரண்டாம் பயணத்து மீன்களுக்கு வலது பக்கத்தில்.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. ஒரு மீனும் திரும்பவில்லை. கடல் என்ன கிணறா? "ஜோசியர் ஊசி போட்ட மீனெல்லாம் இப்போ நோய்நொடி இல்லாம சுகமா இருக்கும்" என்று என் வாசலில் நின்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அண்ணி மட்டும் ஒவ்வொரு படகு வரும்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன பருவத்தில் அந்த மீன் வந்தது. அதுவும் அண்ணன் படகிலேயே.

நான் அன்று அண்ணியின் அறையில்தான் இருந்தேன், உறைபெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு. அண்ணன் கதவை உதைத்துத் திறந்தான். கையில் ஈரச் சாக்கு, வாயெல்லாம் பல், அதாவது இருக்கிற பல். மேசையில் சாக்கைக் கொட்டினான். கோத்த மணி மாதிரி முதுகுத்தண்டுத் துண்டுகள். கூடவே பாசி படர்ந்து வெளுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் சீட்டு. 'முதுகெலும்பைப் பத்திரப்படுத்தவும்' என்ற எழுத்தில் பாதி இருந்தது. எண் மட்டும் உரசி உரசி ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பொண்ணு. நம்ம ஊசிமூக்கிதான். கயிறு ஏறும்போதே செத்திருந்துச்சு. மத்தவங்க எல்லாம் பின்னால தூண்டில் கழட்டிட்டு இருந்தாங்க, நான்தான் அறுத்தேன். பாசிக்குள்ள சீட்டு ஒட்டிட்டு இருந்துச்சு பாரு, எந்தப் பக்கம்னா..."

"சொல்லாதீங்க!" அண்ணி போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. "எந்தப் பக்கம்னு சொல்லாதீங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியவே கூடாது."

அண்ணன் திறந்த வாயை மூடினான். மீன் கொண்டுவந்து விரட்டுப்பட்ட பூனை மாதிரி நின்றான். பாவமாக இருந்தது.

அறுத்துத் தேய்த்து எடுக்க இரண்டு நாளாயிற்று. கண்ணாடிக்காரர் முதலில் தனியாக எண்ணினார். பிறகு அண்ணி. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு ஊதா விளக்கை ஏற்றியபோது, உறைபெட்டியைச் சாக்காக வைத்து நானும் உள்ளேயே இருந்துவிட்டேன். எனக்கும் காட்டினார். எங்கோ நடுக்கடலில் ஏதோ ஒரு நாள் போட்ட ஊசி, நூல் மாதிரி மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. நான் ஐஸ் விற்கிறவன், அழகு கிழகு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

இருவர் எண்ணிக்கையையும் நிலையத்துத் தலைவர் எல்லோர் முன்னும் பிரித்தார். கண்ணாடிக்காரர் ஏழு. அண்ணியும் ஏழு. மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஏழு வளையம், சந்தேகமே இல்லை.

இப்போது முடிச்சு எங்கே விழுந்தது பாருங்கள். இது முதல் பயணத்து மீன் என்றால், ஏழு வருஷத்தில் ஏழு வளையம், வருஷத்துக்கு ஒன்று. இரண்டாம் பயணத்து மீன் என்றால், மூன்றரை வருஷத்தில் ஏழு வளையம், வருஷத்துக்கு இரண்டு. சீட்டில் எண் இல்லை. மீனை உரித்த தோலை அப்போதே கடலில் போட்டாயிற்று. சீட்டு இடது பக்கம் இருந்ததா, வலது பக்கம் இருந்ததா என்பதைப் பார்த்தவன் உலகத்தில் ஒரே ஒருவன், எங்கள் அண்ணன்.

நிலையத்துத் தலைவர் நியாயமான மனிதர். "நீங்க புருஷன் பெண்டாட்டி. வீட்டுக்குள்ளேயே பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அடுத்த வாரம் படகுக்காரங்க கூட்டம் இருக்கு. அங்கே எல்லார் முன்னாடியும் நானே கேட்கிறேன். அதுவரைக்கும் நீங்க கேட்காதீங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டமே ஊசிமூக்கியைப் பற்றித்தான். வருஷத்துக்கு இரண்டு வளையம் என்றால் பழையபடி பிடிக்கலாம். ஒன்று என்றால் இனி ஒரு ஊசிமூக்கியும் கரையேறக் கூடாது. தூண்டிலில் வந்தாலும் கயிற்றை நறுக்கி விட்டுவிட வேண்டும். நாலைந்து பருவமாகச் சூரை குறைந்து, அண்ணன் படகின் பாதி வயிற்றை நிரப்புவதே ஊசிமூக்கிதான். அவன் படகு மட்டுமா, என் ஐஸ் கம்பெனியும் அப்படித்தான் ஓடியது.

விஷயம் புரிந்ததும் படகுச் சங்கத் தலைவர் என் வாசலுக்கே வந்து அண்ணனைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. ஞாபகமில்லன்னு சொல்லு, போதும். செத்த மீனைப் புரட்டிப் புரட்டி அறுக்கிறப்ப இடதென்ன, வலதென்ன? யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?" என்றார்.

அண்ணன் ஐஸ் இறங்குவதையே பார்த்தான்.

"சொந்தச் செலவில சூனியம் வச்சுக்காதே" என்றார் சங்கத் தலைவர் போகிற போக்கில்.

மறைக்க என்ன இருக்கிறது, நான் சங்கத் தலைவர் பக்கம்தான். அவர் போனதும் அண்ணனிடம் சொல்லியும் விட்டேன். "அண்ணே, மீனுக்கு வயசு பதினெட்டா இருந்தா என்ன, எண்பதா இருந்தா என்ன? நமக்கு நம்ம வயிறு."

"உனக்கு வேலை இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த ஒரு வாரமும் அவர்கள் வீட்டில் நானும் சாப்பிட உட்கார்ந்து பார்த்தேன். அண்ணி பரிமாறுவார், உப்பு போதுமா என்று கேட்பார், மின்கம்பத்தில் காகம் கூடு கட்டியதைச் சொல்வார். அந்த ஒன்றைத் தவிர மீதி எல்லாம் பேசுவார். வீட்டுக்குள்ளேயே பதில் உட்கார்ந்து சோறு தின்கிறது, கேட்க முடியவில்லை. எண்ணுகிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஏழு வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் கை கழுவப் போன இடத்தில் தனியாகப் பிடித்து, "கண்ணைக் காட்டியாவது கேட்டிருக்கலாமே அண்ணி?" என்றேன்.

"கேட்டா அவர் எனக்காகச் சொல்லுவார், இல்லன்னா படகுக்காகச் சொல்லுவார். எனக்கு ரெண்டும் வேண்டாம்" என்றார். பிறகு குழாயை மூடிவிட்டு, "பயமாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

கூட்டம் ஏல மண்டபத்தில். தரையைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். படகுக்காரர்கள் முன்னால், நிலையத்தார் ஓரமாக. நிலையத்துத் தலைவர் முதலில் வளையக் கதையை விளக்கினார். மஞ்சள் கோட்டின் படத்தைத் திரையில் காட்டியபோது கொஞ்ச நேரம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் தன் வயதையும் இப்படிப் பார்க்கலாமா என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் நிலையத்துத் தலைவர் அண்ணனை எழுந்திருக்கச் சொன்னார்.

"நீங்க அறுத்த மீன்ல சீட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அண்ணன் எழுந்தான். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"இடது பக்கம்" என்றான் அண்ணன்.

இடது என்றால் முதல் பயணம், வருஷத்துக்கு ஒரு வளையம். மண்டபம் இரைந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா!" என்று ஒருவர் கத்தினார். "வீட்டுல சோறு கிடைக்காதுன்னு சொல்றியா?" என்றார் இன்னொருவர். அண்ணனுக்கு மேடைப் பேச்சு வராது. காது சிவந்து போனது. இரைச்சல் அடங்குகிற வரை நின்றுவிட்டு, அவன் பாட்டுக்குப் பேசினான்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். இடது பக்கம். அறுத்தப்ப வயித்தையும் திறந்து பார்த்தேன். கருப்பை நூல் மாதிரி இருந்துச்சு. ஒரு ஆள் உசரத்துக்கு மேல நீளமான மீன், இன்னும் பருவமே வரலை." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "நான் இந்தக் கடல்ல ஊசிமூக்கி பிடிக்க ஆரம்பிச்சு எத்தனையோ வருஷமாச்சு. வயித்துல குட்டியோட ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்ல. இங்கே இருக்கிற யாராவது பார்த்திருக்கீங்களா?"

முன்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய பெரிய படகுத் தலைவர்கள், தலை நரைத்தவர்கள். சங்கத் தலைவர் வாயைத் திறந்து, ஏதோ ஞாபகப்படுத்திப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கி, மறுபடி மூடிக்கொண்டார். ஒரு கையும் உயரவில்லை.

"அப்போ நாம இத்தனை நாளா பிடிச்சதெல்லாம் பிள்ளைங்கதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தான்.

அந்தப் பருவத்திலிருந்தே ஊசிமூக்கி கரையேறுவது நின்றது. கூட்டம் முடிந்து நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் நடந்தோம். எனக்குக் கோபம், தாங்க முடியாத கோபம். இனி பாதி ஐஸை யார் தலையில் கொட்டுவது என்று புலம்பிக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. கிடங்குகளைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பும்போது அண்ணி நடையைக் குறைத்தார்.

"நீங்க வலதுன்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன்" என்றார்.

"தெரியும்" என்றான் அண்ணன். "அதனாலதான் அப்படிச் சொல்ல முடியல."

என் புலம்பல் தானாக நின்றுவிட்டது. அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, இந்த வயதில். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.